பத்து நாளைக்கு

வரிசையில் செருப்புகள் நிற்கின்றன.
ஆட்கள் உடைமரத்தடியில்.
ஆனிக் காற்று
ஒன்றிரண்டைப் புரட்டிப் போட்டாலும்
யாரும் யார் இடத்தையும் பிடிப்பதில்லை.
சடையன்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
செவ்வாய்க்கிழமை
சர்க்கரைக்கும் பிரஷருக்கும்.

அவர்கள் வந்திருப்பது ஒரு மாதத்துக்கு.
கிட்டங்கியில் கிடப்பது
தலைக்குப் பத்து நாள்.

முப்பதைப் பத்தாக்கப்
பெரிய படிப்பு வேண்டாம்,
கத்தரிக்கோல் போதும்.
அதுவும் திருகு கழன்று
இரண்டு கத்தியாய்ப் பிரிந்த அன்று
எழுதிக் கேட்டேன்: கத்தரிக்கோல், ஒன்று.
ஏழு வாரம் கழித்துப்
பச்சை மையில் பதில் வந்தது:
'முந்தைய கத்தரிக்கோல் கழிவு செய்யப்பட்ட விவரம்
சான்றுடன் தெரிவிக்கவும்.'

தெரிவித்தேன்.
பிறகு பிளேடால் அறுத்தேன்.
அலுமினியத் தாள் பிளந்து
மாத்திரை விரலில் மாவானது.
கொஞ்சம் ரத்தமும்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று
பார்த்துக்கொண்டே இருந்த முப்பிடாதி
மஞ்சள் பைக்குள் கையை விட்டு
எடுத்து நீட்டினாள்
இலை வெட்டுகிற கத்தரியை.
பிடியில் கிழிசல் சேலைத் துண்டு சுற்றியிருந்தது.
அதில் பீடித்தூள் வாடை.
'வச்சுக்கிடுங்க சார்.
வீட்ல இன்னொண்ணு கெடக்கு.'

என்ன கத்தரி அது!
தகடு வைத்து
நாளுக்கு ஆயிரம் இலை வெட்டிப் பழகியது,
மாத்திரை அட்டையில்
நுங்கில் நகம் இறங்குவதுபோல் இறங்கியது.
நான் வெட்டுகிற வேகத்தை
டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார்.
எங்களோடு சேர்த்து மூன்று நிலையங்கள் அவருக்கு;
எட்டிப் பார்க்கத்தான் நேரம்.

பத்தாம் நாள் திரும்ப வரணும் என்றேன்.
முப்பிடாதி விரலை மடக்கினாள்.
முக்கூடல் பஸ்ஸுக்குக் காத்து
வந்து, நின்று, வாங்கிப் போவதற்குள்
முந்நூறு பீடி குறையும்.
பீடிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குப் பதில் சொல்லணும்.
மாசம் மூணு தடவைன்னா?

வரவில்லை.
ஆவணியில் வந்தவள்
பெருமையாகச் சொன்னாள், தொழில்காரி அல்லவா:
'ஒவ்வொண்ணையும் சரிபாதியா நறுக்கி
இருவது நாளு ஓட்டிட்டேன் சார்.
ஒரு பொடி சிந்தல.'

வரிசையில் அவள் இடத்தில்
வலது செருப்பு மட்டும் நின்றது.
'இன்னொண்ணு எங்க கழண்டுச்சோ,
தெரியலயே' என்று சிரித்தாள்.
குனிந்து பார்த்தேன்.
இடது பாதத்தில் உடைமுள் ஒன்று முறிந்து
சுற்றிலும் கறுத்து.
அதுவும் தெரியவில்லை அவளுக்கு.

ரத்தம் பார்க்கிற ஆள் வெள்ளிக்கிழமை வருவார்,
வந்தால்.
'ஹைகிரவுண்டு' என்று சீட்டில் எழுதினார் டாக்டரம்மா.
எங்கள் நிலையத்தில்
அதிகம் எழுதப்படும் மருந்து அது.

ஐப்பசியில் மருமகள் வந்தாள்.
'முழுசா எடுக்கல சார், கணுக்காலுக்குக் கீழதான்.'
நல்ல சேதி சொல்கிற குரல்.
பத்து நாளைக்கு வெட்டிக் கொடுத்தேன்,
அதே கத்தரியால்.
வேறு எதால் வெட்ட?

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
இருப்புப் பதிவேட்டை விரலால் மேய்ந்துவிட்டு
மேஜையைப் பார்த்தார்.
அரசு அனுப்பிய கத்தரிக்கோல்
உறை பிரிக்காமல் கிடந்தது, போன வாரம்தான் வந்தது.
பக்கத்தில் இது.
எடுத்து மோந்தார். முகம் சுளித்தார்.
'இது எந்த வரவுல வருது?'

நன்கொடை என்றொரு பக்கம் உண்டு பதிவேட்டில்.
பெயர். ஊர். பொருள். மதிப்பு.

மூன்றை எழுதிவிட்டேன்.
மின்விசிறி ஓடாத அறையில்
வியர்த்து ஒழுக
நாலாவதுக்கு அவர் காத்திருந்தார்.